தொழிலுக்கு முதல்: நகையா, சீட்டா, முத்ராவா, மானியக் கடனா?

வெள்ளகோவிலுக்குப் பக்கத்து ஊராட்சி ஒன்றிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "அக்கா, ரெண்டு மரச்செக்கு போடலாம்னு இருக்கறனுங்க. இடம் வாடகைக்குத்தான். மெஷின், பருப்பு எல்லாம் சேத்து பத்து லட்சம் ஆகும்ங்கறாங்க. கையில ஒன்றரை லட்சம் இருக்குது, எட்டுப் பவுன் நகை இருக்குது. நகைய வெச்சு இப்பவே ஆரம்பிச்சிரட்டுங்களா, இல்ல மானிய லோனுக்குக் காத்திருக்கட்டுங்களா? முத்ரா வாங்கித் தர்றேன்னு ஒருத்தரு வேற அஞ்சு பர்சன்ட் கேக்கறாருங்க."

தையல் யூனிட், மாவு மில், பேக்கரி என்று தொழில் மாறுமே தவிர, எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான். எந்தத் தொழில் என்று முடிவு செய்தவர்கள்கூட எந்தப் பணம் என்ற இடத்தில் நின்றுவிடுகிறார்கள். நிற்பது நியாயம்தான். 2015-16இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 6.33 கோடி குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் இருந்தன. அவற்றில் 99 சதவீதத்துக்கு மேல் குறுந்தொழில்கள். பெரும்பாலானவற்றில் சம்பளத்துக்கு ஓர் ஆள்கூடக் கிடையாது; வீட்டு ஆட்களே உழைக்கிறார்கள். நாட்டின் வளர்ச்சி என்று நாம் பேசுவது, இந்தக் கடைகளிலும் பட்டறைகளிலும் முதல் சம்பள ஆள் வேலைக்குச் சேரும் நாளில்தான் தொடங்குகிறது. அந்த நாள் வருமா வராதா என்பதில் முதல் எங்கிருந்து, எந்த நிபந்தனையில் வந்தது என்பதற்குப் பெரிய பங்கு உண்டு. நானும் என் அண்ணனும் செக்கு வைத்து அதை அனுபவித்துத் தெரிந்துகொண்டோம்.

எதை வைத்து எடைபோடுவது

எல்லோரும் முதலில் கேட்பது வட்டி எவ்வளவு, மானியம் எவ்வளவு என்று. இரண்டும் முக்கியம்தான். ஆனால் நான் வேறு நான்கு கேள்விகளை முன்னால் வைப்பேன். பணம் எந்த மாதம் கைக்கு வரும்? தொழில் படுத்தால் வீட்டிலிருந்து எது போகும்? பணத்தை எதற்கெல்லாம் செலவழிக்க விடுவார்கள்? எல்லாவற்றையும்விட, முதல் தவணை எப்போது தொடங்கும், எத்தனை நாளுக்கொரு முறை?

கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். செக்குத் தொழிலில் கொப்பரையை ஏலத்தில் எடுத்தால் பணம் உடனே. நிலக்கடலை சீசனில் விலை இறங்கும்போது வாங்கி வைத்தால்தான் ஆண்டு முழுக்க லாபம் நிற்கும். எண்ணெயைக் கடைக்குப் போட்டால் பணம் வர ஒரு மாதம், ஒன்றரை மாதம். சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஊர் மளிகைக் கடைக்காரரிடம் அந்தச் சட்டத்தைக் காட்டி வியாபாரம் செய்ய முடியாது. ஆகப் பணம் இன்று போகிறது, இரண்டு மாதம் கழித்துத் திரும்புகிறது. இடையில் தவணை வந்து நின்றால் எதிலிருந்து கட்டுவீர்கள்? பருப்பு வாங்க வைத்த பணத்திலிருந்துதான்.

எரிக்கா ஃபீல்ட், ரோகிணி பாண்டே முதலியோர் கொல்கத்தாவில் நடத்திய ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. ஒரே நுண்கடன் நிறுவனத்தில் கடன் வாங்கிய பெண்களில் ஒரு பிரிவினருக்கு வழக்கம்போல 2 வாரத்தில் முதல் தவணை. இன்னொரு பிரிவினருக்கு 2 மாத அவகாசம். அவகாசம் கிடைத்தவர்கள் தொழிலில் கூடுதலாக முதல் போட்டார்கள், பின்னாளில் அவர்கள் லாபமும் கூடியது. கடன் கட்டத் தவறியவர்களும் அந்தப் பிரிவில்தான் அதிகம். அவகாசம் இருந்தால் துணிந்து முதல் போடுகிறோம். துணிகிறபோது சிலருக்குச் சறுக்கும். இந்த இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நகைக்கடன்

வேகத்தில் இதற்கு ஈடு இல்லை. காலையில் போனால் மதியம் பணம். எதற்கு என்று துருவிக் கேட்பதில்லை. பருப்பு வாங்கலாம், வாடகை முன்பணம் கொடுக்கலாம், கரண்ட் கனெக்‌ஷனுக்குக் கட்டலாம். வங்கியில் வட்டியும் தாங்கக்கூடியது. தனியார் நகைக்கடன் கடைகளில் ஸ்கீமைப் பொறுத்து 20 சதவீதத்தைத் தாண்டிவிடும், ரசீதின் பின்பக்கத்தை நிதானமாகப் படியுங்கள்.

மறைந்திருக்கும் செலவு காலத்தில் இருக்கிறது. நகைக்கடன் ஓராண்டுக்குள் திருப்ப வேண்டிய கடன். செக்கு போட்ட முதல் ஆண்டில் அசலைத் திருப்பும் அளவுக்குப் பணம் மிஞ்சாது. வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைப்போம். அடுத்த ஆண்டும் அப்படியே. ஒரு நாள் வட்டியும் கட்ட முடியாமல் நகை மூழ்கிப்போகும். மெஷின் போல 5 ஆண்டு, 7 ஆண்டில் மெல்லச் சம்பாதித்துத் தரும் பொருளை 12 மாதக் கடனில் வாங்குவதுதான் இங்கே நடக்கும் தவறு. மூழ்குவது பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கழுத்திலும் கையிலும் இருந்தது என்பதை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை. என் அண்ணியின் வளையல்கள் அப்படித்தான் போயின. அந்தக் கடனைப் பற்றி வீட்டில் இன்றும் நாங்கள் பேச மாட்டோம்.

ஆனால் சீசனில் 3 மாதத்துக்குப் பருப்பு வாங்க நகையைப் போல நல்ல வழி வேறில்லை. வாங்கிய சரக்கு விற்றதும் திருப்பிவிடலாம்.

ஏலச்சீட்டு

ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கும் சீட்டு இருந்தால் அதைக் கணக்கில் எடுங்கள்; தொழிலுக்கென்று புதிதாகச் சேராதீர்கள். அவசரத்துக்கு ஆரம்ப மாதங்களில் தள்ளி எடுத்தால் கழிவு அதிகம் போகும். அதுதான் உங்கள் வட்டி. பதிவு பெற்ற சீட்டில் நடத்துபவரின் கமிஷன் வரம்பு 2019இல் 5 சதவீதத்திலிருந்து 7 ஆக உயர்ந்தது, அதுவும் உங்கள் கணக்கில்தான் சேரும். எடுத்த மறு மாதமே தவணை தொடரும், அவகாசம் என்ற பேச்சே இல்லை. பதிவில்லாத சீட்டு என்றால் மொத்தப் பணமும் ஒருவருடைய நாணயத்தை நம்பி நிற்கிறது.

முத்ரா

சிறு தொழில்களுக்கு வங்கிக் கடன் தர மத்திய அரசு 2015 ஏப்ரலில் தொடங்கிய திட்டம். சிசு 50,000 ரூபாய் வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. தருண் கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 20 லட்சம் வரை என்று 2024 பட்ஜெட்டில் சேர்த்தார்கள். சொத்து அடமானம் வேண்டாம். இதில் மானியம் கிடையாது. பலர் இதையே மானியக் கடன் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு எடுத்தவுடன் 10 லட்சம் கிடைப்பது அரிது. ஏற்கெனவே ஓடும் தொழில், யுபிஐ வரவு, வங்கிக் கணக்கில் நடமாட்டம், சரியான சிபில் ஸ்கோர் (பழைய கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்று காட்டும் மதிப்பெண்) இருந்தால் 3 லட்சம், 5 லட்சம் எளிதாக வரும். 5 லட்சத்தை 11 சதவீத வட்டியில் 5 ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 10,870 ரூபாய். மொத்த வட்டி ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். வங்கிக்கு வங்கி வட்டி மாறும், கணக்குப் போடும் முறைக்காகச் சொல்கிறேன்.

மறைந்த செலவுகள் இரண்டு. கடனோடு சேர்த்துத் திணிக்கப்படும் காப்பீட்டு பாலிசி ஒன்று. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 'வாங்கித் தருகிறேன்' என்று வரும் இடைத்தரகர் இன்னொன்று. 5 லட்சத்துக்கு 5 சதவீதம் என்றால் 25,000 ரூபாய். இரண்டு மாதத் தவணைக்கு மேல். விண்ணப்பத்தை நீங்களே வங்கிக் கிளையிலோ இணையத்திலோ கொடுக்கலாம்.

ஒரு நல்ல விஷயம் பலருக்குத் தெரியாது. முத்ரா கடனை உரிய காலத்தில் அடைத்து, யூனிட் லாபத்திலும் ஓடினால், அதை விரிவாக்க, அடுத்துச் சொல்லப்போகும் பிஎம்இஜிபி என்ற மானியக் கடன் திட்டத்தின் இரண்டாம் கடனுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. சிறிதாகத் தொடங்கி வளர்வது இதில் வீண்போகாது.

பிஎம்இஜிபி என்ற மானியக் கடன்

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் 2008இல் வந்தது. கதர் கிராமத் தொழில் ஆணையம், கதர் வாரியம், மாவட்டத் தொழில் மையம் மூலம் நடக்கிறது. உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு இருக்கலாம். பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25 சதவீதம் மானியம். பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35.

வெள்ளகோவில் வாசகிக்குக் கணக்குப் போடுவோம். ஊராட்சி எல்லைக்குள் யூனிட் போட்டால் 10 லட்சத்தில் அவர் பங்கு 5 சதவீதம், 50,000 ரூபாய். வங்கி 9.5 லட்சம் தரும். மானியம் 3.5 லட்சம். ஆக உண்மையில் வட்டியோடு சுமக்க வேண்டியது 6 லட்சம். 11 சதவீதத்தில் 7 ஆண்டுக்குப் போட்டால் தவணை சுமார் 10,270 ரூபாய். முத்ராவில் 5 லட்சத்துக்குக் கட்டும் தொகையைவிடக் குறைவு, கையில் நிற்பதோ 10 லட்ச ரூபாய் யூனிட். நகராட்சி எல்லைக்குள் இடம் பிடித்தால் மானியம் ஒரு லட்சம் குறைந்துவிடும், அதையும் வாடகையோடு சேர்த்துப் பாருங்கள். அவகாசக் காலம் முடிந்த பிறகு 3 முதல் 7 ஆண்டுக்குள் அடைக்கலாம்.

காகிதத்தில் இதைத் தோற்கடிக்க எதுவும் இல்லை. இனி நாங்கள் அடிபட்ட இடங்கள்.

மானியம் கைக்கு வராது. வங்கியில் உங்கள் பெயரில் 3 ஆண்டு வைப்பாக நிற்கும். அதற்கு வட்டி கிடையாது. அதே அளவு கடனுக்கு வங்கியும் வட்டி போடக்கூடாது. 3 ஆண்டு கழித்து யூனிட் ஓடுகிறதா என்று நேரில் பார்த்த பிறகே கடனில் கழிப்பார்கள். இரண்டாம் ஆண்டில் மூடிவிட்டால் அந்த 3.5 லட்சத்தை நம்ப முடியாது, 9.5 லட்சமும் உங்கள் தலையில் நிற்கும்.

காலம் நம் கையில் இல்லை. விண்ணப்பம், பரிந்துரை, வங்கி ஆய்வு, ஒப்புதல், பயிற்சி என்று நாங்கள் ஏழு மாதம் அலைந்தோம். இடம் கைவிட்டுப் போய்விடுமோ என்று முதல் மாதமே முன்பணம் கொடுத்து வாடகைக்குப் பிடித்திருந்தோம். பூட்டிய ஷெட்டுக்கு ஏழு மாத வாடகை. கடன் வந்தபோது கடலை சீசன் முடிந்து பருப்பு விலை ஏறியிருந்தது.

மூன்றாவது எங்கள் பெரிய தவறு. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை மெஷின் விற்றவரிடமே எழுதித் தரச் சொன்னோம். இலவசமாக எழுதிக் கொடுத்தார். பணத்தில் பெரும்பகுதி மெஷினுக்கு. பருப்பு வாங்க நடைமுறை மூலதனம் என்று ஒரு சிறு தொகை. மெஷின் பணம் கொட்டேஷன்படி நேராக விற்றவர் கணக்குக்குப் போய்விடும், நடுவில் மாற்ற முடியாது. பளபளவென்று மூன்று செக்கு நின்றன, ஆட்டப் பருப்பு இல்லை. கூலிக்கு ஆட்டிக் கொடுத்து ஓட்டினோம், அப்புறம் தண்டல், அப்புறம் அண்ணியின் வளையல். மூன்றுக்குப் பதில் ஒரு செக்கு போட்டு மீதியைப் பருப்பில் வைத்திருந்தால் கதையே வேறு. அதே சமயம் நடைமுறை மூலதனத்தை ஊதிப்பெருக்கியும் எழுதக்கூடாது: கேஷ் கிரெடிட் வரம்பை (நடைமுறை மூலதனத்துக்காக வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்ட வங்கி தரும் தொகை) 3 ஆண்டுக்குள் ஒரு முறையாவது முழுதாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும், சராசரியாக 75 சதவீதத்துக்குக் குறையாமல் ஓட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த அளவுக்கு மானியம் கழியும்.

நான்காவதுதான் வாசகியின் கேள்விக்கு நேரான பதில். இத்திட்டத்தின் முதல் கடன் புதிய யூனிட்டுகளுக்கு மட்டும். 'இப்போது நகையை வைத்துத் தொடங்கிவிடுகிறேன், மானியக் கடனைப் பிறகு போட்டுக்கொள்கிறேன்' என்றால் அந்தக் கதவு மூடிவிடும். கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கே கிடைக்கும். நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. வேறு அரசுத் திட்டத்தில் மானியம் வாங்கியிருந்தாலும் ஆகாது.

திட்டம் 2025-26 வரை நீட்டிக்கப்பட்டிருந்தது. விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாநில அரசின் திட்டங்கள்

தமிழ்நாட்டில் படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு நீட்ஸ் திட்டம் இருக்கிறது: 10 லட்சம் முதல் 5 கோடி வரையான திட்டங்களுக்கு 25 சதவீத மானியம், 75 லட்சம் உச்சவரம்பு, கூடவே 3 சதவீத வட்டி மானியம். பட்டியலினத்தவர், பழங்குடியினர் என்றால் முதலில் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைப் பாருங்கள். 35 சதவீத மூலதன மானியம், 6 சதவீத வட்டி மானியம் என்பது பிஎம்இஜிபியைவிடப் பல இடங்களில் மேல். இரண்டுக்கும் மாவட்டத் தொழில் மையமே வாசல்.

தண்டலும் மீட்டர் வட்டியும்

யாரும் விரும்பிப் போவதில்லை. வங்கி வாசலில் ஏழு மாதம் நின்றவர்கள் போகிறார்கள். எங்கள் பக்கம் 10,000 என்று பேசி 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூல். 15 சதவீதம்தானே என்று தோன்றும். கடன் தினமும் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்கிட்டால் மாதத்துக்குச் சுமார் 10 சதவீதம், ஆண்டுக்கு 120.

இதை ஒரு சிறு தொழில் தாங்குமா? சுரேஷ் டி மெல், மெக்கன்ஸி, வுட்ரஃப் மூவரும் ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையில் காலி, மாத்தறை, களுத்துறைப் பகுதிகளில் சிறு தொழில் செய்வோருக்கு 10,000, 20,000 இலங்கை ரூபாய் திருப்பித் தர வேண்டாத முதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த முதல் மாதத்துக்குச் சுமார் 5 சதவீதம் சம்பாதித்துக் கொடுத்தது. எந்த வங்கி வட்டியையும் அடைத்து மிச்சம் பிடிக்கப் போதுமான வருமானம் அது. தண்டலுக்கு அது பாதிதான். இதே ஆய்வில் பெண்கள் நடத்திய தொழில்களில் அந்தக் கூடுதல் லாபம் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. வசூலுக்கு வருபவர் மிரட்டினால் போலீசில் புகார் கொடுக்கத் தயங்காதீர்கள். காய்கறிக் கடைபோலக் காலையில் போட்டு மாலையில் எடுக்கும் வியாபாரத்தில் சிலர் இதைச் சமாளிக்கிறார்கள். மெஷின் வாங்கவோ வேறொரு கடனின் தவணை கட்டவோ தண்டல் எடுக்கவே கூடாது.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | நகைக்கடன் | ஏலச்சீட்டு | முத்ரா | பிஎம்இஜிபி | தண்டல் |
|---|---|---|---|---|---|
| கைக்கு வர | அன்றே | ஏலம் கிடைக்கும் மாதம் | வாரங்கள் | மாதங்கள் | அன்றே |
| உண்மைச் செலவு | வங்கியில் குறைவு, தனியாரிடம் அதிகம் | முன்கூட்டி எடுத்தால் அதிகம் | நடுத்தரம் | மிகக் குறைவு, 3 ஆண்டு ஓடினால் | தாங்காது |
| முதல் தவணை | ஆண்டு முடிவில் மொத்தமாக | மறு மாதம் | பேசி அவகாசம் வாங்கலாம் | அவகாசம் உண்டு | மறு நாள் |
| செலவில் சுதந்திரம் | முழுதாக | முழுதாக | ஓரளவு | கொட்டேஷன்படி மட்டும் | முழுதாக |
| தொழில் படுத்தால் | நகை | ஜாமீன்தாரரின் உறவு | சிபில் | மானியம், சிபில் | நிம்மதி |
| அடுத்த பெரிய கடனுக்கு வழி | இல்லை | இல்லை | உண்டு | உண்டு | இல்லை |

யாருக்கு எது

ஏற்கெனவே தொழில் ஓடுகிறது, இன்னொரு மெஷினும் ஓர் ஆளும் போட்டால் ஆர்டரைச் சமாளிக்கலாம் என்பவருக்கு முத்ரா. அவருக்கு பிஎம்இஜிபியின் முதல் கடன் எப்படியும் கிடைக்காது. சீசன் சரக்குக்கு மட்டும் பணம் முட்டுகிறவருக்கு வங்கி நகைக்கடன், 3 மாதத்துக்கு. இன்னும் தொடங்கவில்லை, ஆறேழு மாதம் காத்திருக்க வீட்டில் வேறு வருமானம் இருக்கிறது, 5 லட்சத்துக்கு மேல் தேவை என்பவருக்கு பிஎம்இஜிபி அல்லது மாநிலத் திட்டம். காத்திருக்க முடியாதவர் திட்டத்தைச் சுருக்கி 2 லட்சம், 3 லட்சம் முத்ராவில் தொடங்கட்டும்.

வெள்ளகோவில் தங்கைக்கு: அந்த ஐந்து பர்சன்ட்காரரை அனுப்பிவிடுங்கள். மானியக் கடனுக்கே விண்ணப்பியுங்கள். இரண்டு செக்குக்குப் பதில் ஒன்று போட்டு, மீதியைப் பருப்புக்கு ஒதுக்கி, ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். தொழில் மையத்தில் உதவி செய்வார்கள். ஒப்புதல் கடிதம் வரும்வரை ஷெட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். காத்திருக்கும் மாதங்களில், மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, கையிலிருக்கும் பணத்தில் 50,000 ரூபாய்க்குக் கொப்பரையும் கடலையும் எடுத்து வேறொருவர் செக்கில் கூலிக்கு ஆட்டித் தெரிந்தவர்களுக்கு விற்றுப் பாருங்கள். எந்த வீடு மாதாமாதம் கேட்கிறது, எந்தக் கடை பணத்தை இழுத்தடிக்கிறது, புண்ணாக்கை யார் எடுக்கிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். நகை பெட்டியிலேயே இருக்கட்டும். முதல் கடலை சீசனில் நாலு பவுனை மட்டும் வங்கியில் வைத்துச் சரக்கு எடுத்து, விற்றதும் திருப்பிவிடுங்கள்.

கடன் ஒப்புதலாகும் அன்று வங்கி மேலாளரிடம் தவணை அவகாசம் எத்தனை மாதம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஆறு மாதம் கேளுங்கள். அதைப் பணம் பட்டுவாடா ஆன மாதத்திலிருந்து எண்ணாமல், மெஷின் வந்து கரண்ட் கொடுத்துச் செக்கு சுற்றத் தொடங்கும் மாதத்திலிருந்து எண்ணச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.